துணைக்கு நான்கு பேர்

1

பேத்தியின் பிறந்தநாள் படங்களை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஊரிலிருந்து ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "அத்தானுக்கு வேலை, சரி. மத்த எல்லாரும் இருக்கீங்க, உன்ன மட்டும் காணுமே?" என்று நெடுங்காட்டிலிருந்து என் தம்பி கேட்டான். காரைக்காலில் இருக்கும் என் நாத்தனார் வீடியோ காலிலேயே வந்து, "சுமதி, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். படம் பிடித்தது நான்தான், அதனால்தான் படத்தில் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டேன். அது பொய். படம் பிடித்தது என் மாப்பிள்ளை. அந்த நேரத்தில் நான் தனியாக ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

பொய் எனக்குச் சுலபமாக வரும். இந்தக் குறிப்பே அதைப் பற்றியதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எழுதிவிட்டால் ஒரு தடவையோடு போகும். படித்துவிட்டு யாரும் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம். என் நாத்தனார் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் வழியாகக் குடியுரிமை, குடியுரிமை வழியாகப் பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் நான்காவது மாடி வீடு. கணவர் விமான நிலையச் சமையல் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறேன். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வினோதினி. அவளுக்கு ஏழு வயது இளையவள் மாலினி.

2

மாலினி ஏழு மாதத்தில் பிறந்தாள். பிறந்தபோது மூளைக்குப் போக வேண்டிய காற்று கொஞ்ச நேரம் போகவில்லை. அறிவில் ஒரு குறையும் இல்லை. கால்கள் இரண்டும்தான் இறுகிப்போயின. எட்டு வயதில் இரண்டு குதிகாலுக்குப் பின்னாலும் கீறி நரம்பை நீட்டிவிட்டார்கள். ஷூவுக்குள் முழங்கால் வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் தாங்கு போட்டுக்கொண்டால் நன்றாகவே நடப்பாள், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. நடப்பதைவிட நிற்பதுதான் அவளுக்குக் கஷ்டம். இதை யாருக்கும் புரிய வைக்க முடியாது. நடக்கிற பெண்ணால் ஏன் நிற்க முடியாது என்று பஸ்ஸில் கேட்பார்கள். எனக்கே பல நாள் புரியவில்லை.

இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு அட்டை கொடுக்கும். படம் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் கார்டு. காட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம், பஸ்ஸில் இடம் கேட்கலாம். அதற்கு இருபது பக்க விண்ணப்பம். அதில் ஒரு முழுப் பக்கத்தை வெற்றாக விட்டு, உங்கள் அன்றாட வாழ்க்கையையும் எதிர்காலத் திட்டத்தையும் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்று போட்டிருந்தார்கள்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? மகள் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறாள், தானே குளித்துத் தானே உடுத்துகிறாள், யாருக்கும் பாரமாக இல்லை, அக்காவைப் போலவே நன்றாக வருவாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது. நம் பிள்ளையின் குறையை நாமே வரி வரியாக எழுதி அடுத்தவர் கையில் கொடுப்பதா?

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் மகளுக்குச் சிரமம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று. நான் பதறிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். துணைக்கு மாலினியும் வந்தாள். "என் மகள் நோயாளி, என் மகள் நோயாளி" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சன்னலுக்குள் இருந்த அம்மாளிடம் மன்றாடினேன். மாலினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நோயாளின்னு சொல்லாதம்மா. காய்ச்சல் வந்தவங்கதான் நோயாளி. நீ உக்காரு, நான் பேசுறேன்."

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டாவது விண்ணப்பத்தை அவளே எழுதினாள். 'என்னால் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியாது. நின்றால் முதலில் குதிகால், பிறகு முதுகு. காலை உணவு வரிசையில் நிற்க முடியாததால் பள்ளியிலிருந்து விடுதியில் தங்கிப் போகும் பயணங்களுக்குப் பெயர் கொடுப்பதில்லை. எனக்கு வலிக்கிறது என்று வீட்டில் சொல்வதில்லை, அம்மா அழுவாள்.' வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்றபடி அதைப் படித்தேன். என் மகளுக்கு எது முடியாது என்பதை அரசாங்கத்தின் தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் எழுதியிருந்தபடியே அழுதும் தொலைத்தேன்.

கார்டு வந்தது. அன்று மாலினி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். பிறகு, "தொலைச்சிருவேன், நீயே வச்சுக்கம்மா" என்று என் கைப்பையில் போட்டாள்.

3

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய கார்டை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன், மாலினிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஊருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அது மாங்கனித் திருவிழா நேரம். சாமி ஊர்வலம் வரும்போது மாடியிலிருந்து மாம்பழத்தை இறைப்பதும், கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிப்பதும் என் பெண்களுக்கு ஒரே வேடிக்கை. அதற்கு முதல் நாள் கோயிலுக்குள் போயிருந்தோம். அறுபத்துமூவர் சிலைகளும் சுவரோரம் நிற்க, எங்கள் ஊர் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். மாலினி அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏன் அத்தே, அவங்க மட்டும் உக்காந்திருக்காங்க?"

"அவங்க காலால மிதிக்கக் கூடாதுன்னு கைலாசத்துக்குத் தலையால நடந்து போனவங்கடி" என்றார் என் நாத்தனார்.

"அப்ப ரொம்ப வலிச்சிருக்கும். அதான் யாரும் எந்திரிக்கச் சொல்லல" என்றாள் மாலினி. நாத்தனார் அவளைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். என் நாத்தனார் கெட்டவர் அல்ல. அதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் பொருட்காட்சித் திடலில் ராட்டினம். வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. ராட்டினம் நிற்க நிற்க ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மாலினி தட்டுத்தடுமாறி வருவதைப் பார்த்த ராட்டினக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "பாப்பாவ இப்படிக் குடுங்கம்மா" என்று வாங்கி, தொட்டிலில் உட்காரவைத்து, கம்பியைப் பூட்டிவிட்டார். ஏறக் காத்திருந்தவர்கள் தாமாகவே விலகி நின்றார்கள். கார்டு இல்லை, விண்ணப்பம் இல்லை. நான் பெருமையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்றாள் ஒரு தூரத்து உறவுக்காரி. மேலே மாலினியைப் பார்த்தாள். கீழே நின்ற வினோதினியைப் பார்த்தாள். வினோதினிக்கு அப்போது பதினாறு.

"பாவம், பொம்பளப் புள்ள. இது ரத்தத்துல வர்றதா? பெரியவளுக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை, இது பிறந்த நேரத்தில் வந்தது, பரம்பரை இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று நான் விளக்கினேன். அவள், "ஆமாமா, இருக்கும் இருக்கும்" என்று தலையாட்டினாள். அந்த ஆட்டம் போதும். அதை என் நாத்தனார் பார்த்துவிட்டார்.

"இனிமே ஊருக்கு வந்தா சின்னவளக் கொஞ்சம் வீட்டுலயே வச்சுக்க. பெரியவளுக்கு ஒரு வழி ஆகட்டும். அதுக்கப்புறம் நீ அவளத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரி, யாரு கேக்கப் போறா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதால் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

4

வினோதினிக்கு இருபத்திரண்டு வயதில் வரன் வந்தது. பையன் பிரகாஷ். கோட்டுச்சேரிக் குடும்பம், எங்களிடமிருந்து ரயிலில் முக்கால் மணி தூரத்தில் இன்னொரு புறநகரில் இருந்தார்கள். அப்பா இல்லை. அம்மாவும் பையனும் மட்டும். வீட்டுக்கு வந்து பெண் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. மாலினி அன்று 'பரீட்சைக்குப் படிக்க' சினேகிதி வீட்டில் இருந்தாள். அதுவும் என் ஏற்பாடுதான்.

"பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் ஒரு நாள் வெளியில போயிட்டு வருவோமா? புள்ளைங்களும் பழகுன மாதிரி இருக்கும்" என்றார் பையனின் அம்மா. பிரகாஷ் ஆர்வக்கோளாறில் கேளிக்கைப் பூங்காவுக்கு எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். வினோதினியின் தங்கைக்கும் சேர்த்து.

நாத்தனார் போனில் கத்தினார். "சின்னவள விட்டுட்டுப் போ!" எப்படி விட்டுவிட்டுப் போவேன்? அவள் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பூங்காவுக்குப் போனபோது அவள் ஒருத்திதான் போகவில்லை. இப்போது கார்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பூங்காவின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தச் சவாரிக்குக் கார்டுக்காரர்களின் வழி எந்தப் பக்கம் என்று பச்சைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். அவளுக்கு வயது பதினைந்து.

அன்று காலை நான் மருந்துக் கடையில் வாங்கிய துணிப்பட்டையோடு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்டி. அக்காவுக்காக. கார்டை எடுக்க வேணாம். கேட்டா சுளுக்குன்னு சொல்லிக்குவோம்."

அடம் பிடிப்பாள் என்று நினைத்தேன். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, காலை நீட்டினாள்.

"எந்தக் கால்ல?" என்று கேட்டாள்.

வலது காலில் சுற்றினேன். பட்டைக்குள் தாங்கு அடங்காது என்று கழற்றினேன். ஒரு காலில் மட்டும் தாங்கு தெரிந்தால் சந்தேகம் வரும் என்று இடது காலிலும் கழற்றினேன். அம்மாவாக இருந்துகொண்டு இவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

பூங்காவின் வாசலிலேயே இடது பக்கம் கார்டு காட்டும் அலுவலகம் இருந்தது. மாலினி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். முதல் சவாரி படகில் போவது. எழுபது நிமிடம் என்று பலகையில் எழுதியிருந்தது. கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை, உட்கார ஒரு திண்டுகூட இல்லை. பிரகாஷும் வினோதினியும் முன்னால் பேசிக்கொண்டு போனார்கள். என் கணவர் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். நானும் பையனின் அம்மாவும் மாலினியும் பின்னால். இருபது நிமிடம் ஆனபோது மாலினி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, பாப்பாவுக்கு மொகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றார் பையனின் அம்மா.

"நேத்து படியில கால் மடங்கிருச்சுங்க. சுளுக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சுளுக்கா? அட, காலையிலயே சொல்லக் கூடாதா? நான் காலால பொறந்தவங்க. கோட்டுச்சேரியில யாருக்குச் சுளுக்குன்னாலும் என்னத்தான் தேடிக்கிட்டு வருவாங்க. ரெண்டு வழி வழிச்சா போதும், ஓடிரும்."

பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் கை பட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், புதுச் செருப்பு கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கோட்டுச்சேரிப் பெண்மணியிடம் போய்ச் சுளுக்கு என்று சொன்னேன். நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் அவர் பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு, அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் தரையில் குந்திவிட்டார். மாலினியைக் கம்பியின் அடித்தட்டில் உட்காரவைத்து, கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்தார். பட்டையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்.

கட்டைவிரல் கணுக்காலிலிருந்து மேலே போயிற்று. பாதியில் நின்றது. கெண்டைக்கால் சூம்பியிருந்ததை அவர் விரல்கள் பார்த்துவிட்டன. குதிகாலுக்குப் பின்னால் தையல் தழும்பைத் தடவினார். இடது கால் காலுறையையும் கொஞ்சம் கீழே இறக்கினார். அங்கேயும் அதே தழும்பு. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பட்டையை மறுபடி சுற்றினார், நான் சுற்றியதைவிட ஒழுங்காக. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, என் காதோரம் வந்து சொன்னார்.

"இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குத் தனி வழி இருக்குங்களே. வாசல்ல நிக்கிற பொண்ணுகிட்ட போயி நான் கேக்கட்டுமா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க இனி ஒன்றுமில்லை. கார்டு என் கைப்பையில், விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எடுத்திருக்கலாம்.

"வேணாங்க. சாதாரண சுளுக்குதான். ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஏழு வருடமாக யோசிக்கிறேன். மாட்டிக்கொண்ட பிறகும் பொய்யை விட முடியாதபடி அது வாயில் பழகியிருந்தது, வேறு காரணம் தெரியவில்லை. மாலினி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பட்டையின் முனையைச் சரியாகச் செருகிக்கொண்டாள்.

இன்னும் ஐம்பது நிமிடம் நின்றாள். படகில் ஏறும் இடத்தில் வேலை பார்த்த பெண் அவள் நடையைப் பார்த்துவிட்டு, உனக்கு நடக்கச் சிரமமா, கார்டு இருக்கிறதா, வழியில் படகு நின்றால் படி இறங்க முடியுமா என்று அக்கறையாகக் கேட்டாள். மாலினி சுத்தமான பிரெஞ்சில், "ஒன்றுமில்லை. சாதாரண சுளுக்கு. இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்றாள். நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

படகிலிருந்து இறங்கியதும், பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். நாங்கள் ஒவ்வொரு சவாரியாக ஏறி இறங்கி, நடுவில் வந்து அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம்.

5

கல்யாணம் நடந்தது. நீங்களெல்லாம் வந்து சாப்பிட்டீர்கள். நிச்சயத்தன்று பூ வைக்கும்போது சம்பந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? பாவம், அந்தப் புள்ள நின்னுச்சு." அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை அவர் பேசியதில்லை. நாத்தனாரிடம் சொன்னபோது, "எல்லாம் நல்லபடியாத்தான முடிஞ்சுது, விடு" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பூங்காவுக்குப் போய்வந்த மறுநாள் காலை மாலினி அடுப்படிக்கு வந்து, "என் கார்டைக் குடும்மா" என்றாள். கொடுத்தேன். அவ்வளவுதான். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி, பிறகு அழுது, சோறு ஊட்டிவிட்டு முடித்திருப்பேன். அவள் அதற்கு வழியே வைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். பதினெட்டு வயதில் வடக்கே வேறொரு நகரத்தில் படிக்கப் போனவள் அங்கேயே ஒரு நூலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். தமிழ் பேசும்போது நடுவில் நின்று சொல் தேடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"கால் எப்படிடி இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா, நல்லாருக்கு."

அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆனால் சம்பந்தியிடம் அப்படிச் சொல்வதில்லையாம். அவர் மாதம் ஒரு தடவை ரயிலேறிப் போய் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வருகிறார் என்று வினோதினி வாய்தவறிச் சொன்னாள். தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது என்று மாலினிக்கும் தெரியும், சம்பந்திக்கும் தெரியும். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

அந்த நாளைப் பற்றி நான் அவளிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வலித்ததா என்றுகூடக் கேட்டதில்லை. வலிக்கவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். வலித்தது என்று சொல்லிவிடுவாளோ என்றும் பயம்.

6

போன மாதம் பேத்திக்கு நான்கு வயது முடிந்தது. பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று அவள் பிடிவாதம். சித்தியும் வர வேண்டும் என்று போனில் அழுததில் மாலினி ரயிலேறி வந்தாள். என் கணவருக்கு அன்று வேலை. வினோதினி, பிரகாஷ், குழந்தை, சம்பந்தி, மாலினி, நான்.

மாலினி நேராக அந்த இடது பக்கத்து அலுவலகத்துக்குப் போய்க் கார்டை வைத்தாள். சன்னலில் இருந்த பெண் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உங்களோடு துணைக்கு நான்கு பேர் வரலாம். குழந்தையும் கணக்கில் சேரும். பெயர்களைச் சொல்லுங்கள்" என்றாள்.

அவளைத் தவிர நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

மாலினி அக்கா பெயரைச் சொன்னாள். குழந்தை பெயரைச் சொன்னாள். அத்தான் பெயரைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். ரொம்ப நேரம் இல்லை, சன்னலில் இருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குத்தான். நான் என் கைப்பையின் வாரைச் சரிசெய்தேன். அவள் சம்பந்தியின் பெயரைச் சொன்னாள்.

"அட, நான் வரிசையில வரேன் பாப்பா, நீ அம்மாவக் கூட்டிட்டுப் போ" என்று சம்பந்தி பதறினார்.

"இல்லத்தே. உங்க முட்டிய வச்சுக்கிட்டு நீங்க நிக்க முடியாது. அம்மா நிப்பாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சொன்னதும் நியாயம்தான். சம்பந்திக்கு அறுபத்தைந்து வயது, முட்டி தேய்மானம். நானோ தினமும் மூன்று மணி நேரம் நின்று பரிமாறுகிறவள்.

"ஆமா, எனக்கென்ன, நான் நிப்பேன். நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வினோதினி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழந்தை கேட்டது பறக்கும் வண்டிச் சவாரி. அவர்கள் ஐந்து பேரும் வெளியேறும் கதவு வழியாகவே உள்ளே போனார்கள். நான் பலகைக்குக் கீழே போய் நின்றேன். அறுபத்தைந்து நிமிடம். நான் பள்ளிக்கூடத்தில் நிற்பது வேறு. அங்கே நடந்துகொண்டே நிற்பேன். இங்கே அரை அடி நகர்ந்து ஐந்து நிமிடம் மரமாக நிற்க வேண்டும். இருபது நிமிடத்தில் குதிகால் காந்த ஆரம்பித்தது. தலைக்கு மேலே வண்டிகள் போயின. ஒன்றில் குழந்தை கையை ஆட்டினாள், மாலினி அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, எங்க இருக்க?"

"வரிசையிலதான்."

"நாங்க எறங்கிட்டோம். நீ வெளிய வந்துரு. இனிமே நின்னு என்ன பண்ணப்போற?"

"இல்லடி, நிக்கிறேன்."

"ஏன்?"

ஏன் என்று எனக்கே தெரியவில்லை. முன்னால் இருந்தவர்கள் அரை அடி நகர்ந்தார்கள், நானும் நகர்ந்தேன். அவள் போனை வைக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"மாலு, அன்னிக்கு உனக்கு ரொம்ப வலிச்சுதா?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பாட்டு கேட்டது. குழந்தை எதற்கோ சிணுங்கினாள், சம்பந்தி அவளைச் சமாதானம் செய்தார். மாலினி கொஞ்சம் தள்ளி நடந்து போனாள் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"முதல்ல வலிச்சுது. அப்புறம் காலே தெரியல" என்றாள். பிறகு சொல் தேடுவதற்காக நின்றாள், அல்லது வேறு எதற்காகவோ. "நான் உன் கைப்பையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேம்மா. அத்தை கேட்டாங்கல்ல, அப்ப நீ எடுத்துடுவன்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் படகுப் பொண்ணு கேட்டப்பகூட... நான் சும்மா சொன்னேன், சுளுக்குன்னு. நீ குறுக்க வந்து இல்லன்னு சொல்லுவன்னு நெனச்சேன்."

மன்னிப்பு என்ற சொல்லை நம் வீடுகளில் தாயும் மகளும் பேசிக்கொள்வதில்லை. பிரெஞ்சில் அது சல்லிசாகக் கிடைக்கும். பஸ்ஸில் காலை மிதித்தவரிடமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறேன். அதை எடுத்து இவளிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

"எடுத்திருக்கணும்டி" என்றேன்.

"ம்" என்றாள். பிறகு, "பாப்பா கூப்பிடுறாம்மா" என்று வைத்துவிட்டாள்.

நான் வெளியே வரவில்லை. மீதி முப்பத்தைந்து நிமிடமும் கம்பியைப் பிடிக்காமல் நின்றேன். வண்டி ஏறும் இடத்துக்கு வந்தபோது வாசலில் இருந்த பெண் என்னையும் என் பின்னால் இருந்த குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"நான் மட்டும்தான்" என்றேன்.